பஸ்ராவில் எண்ணிக்கையாகிப் போனவர்கள்

முதல் உலகப் போருக்குப் போய்த் திரும்பாத கொள்ளுத் தாத்தாவைப் பற்றித் துப்பு வேண்டுமென்றால், டிரங்குப் பெட்டியில் கிடக்கும் பதக்கத்தை முகம் பார்த்துப் பயனில்லை. ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜின் தலை, மறுபக்கம் குதிரைமேல் ஒரு வீரன். வேண்டிய சங்கதி விளிம்பில் இருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துச் சுற்றிப் படித்தால் சிப்பாயின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு என்று பொடி எழுத்தில் வரிசையாக வரும். பதக்கம் வெள்ளியாக இல்லாமல் வெண்கலமாக இருந்தால், ஆள் துப்பாக்கி பிடித்தவர் அல்ல. சுமை தூக்கும் தொழிலாளர் படையில் இருந்திருக்கலாம்.

இறந்தவர்களின் குடும்பத்துக்கு இன்னொன்றும் வந்தது: சுமார் 12 செ.மீ. அகலத்தில் வட்டமான வெண்கலத் தகடு. பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் முழுவதற்கும் 13 லட்சத்துக்கு மேல் வார்த்தார்கள். அதில் பெயர் மட்டுமே உண்டு. சாவில் ஜெனரலும் சிப்பாயும் சமம் என்று பதவியை வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். நல்ல எண்ணம்தான், தேடுகிறவருக்குத்தான் திண்டாட்டம். வட ஆற்காட்டிலிருந்து எத்தனை முனுசாமிகள் போனார்களோ! போதாததற்கு, ரெஜிமென்ட் குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிய பெயர் ஒரே குடும்பத்தில் மூன்று விதமாக இருக்கும். அதனால் எண்ணைப் பிடித்துக்கொண்டு போவதே உத்தமம்.

எங்கே போவது? மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் பிரிவென்றால் பெங்களூரில் அதன் மையம் இன்றும் இருக்கிறது. கர்நாடிக் காலாட்படை, வாலாஜாபாத் படை என்றால் சிக்கல். 1922 சீர்திருத்தத்தில் இவை 3வது மெட்ராஸ் ரெஜிமென்டாக்கப்பட்டு, அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே கலைக்கப்பட்டன. தென்னாட்டார் ‘போர்க்குடிகள்’ அல்ல என்ற வெள்ளைக்காரக் கணக்கும் அதற்கு ஒரு காரணம். பஞ்சாபிகளுக்கு அதிர்ஷ்டம் இருந்தது: லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்த பதிவேடுகளிலிருந்து சுமார் 3,20,000 வீரர்களின் விவரம் ஊர்வாரியாக வெளியே வந்தது.

மெசபடோமியாவில், அதாவது இன்றைய இராக்கில், மாண்டவர்கள் கதை இன்னும் மோசம். 1917 பிப்ரவரி 23 அன்று ஷும்ரான் வளைவில் டைக்ரிஸ் ஆற்றைக் கடந்தபோது, குண்டுமழையில் படகு வலித்தவர்களில் மெட்ராஸ் சாப்பர்ஸும் உண்டு. குண்டுக்குத் தப்பியவர்களைக் காலராவும் வெயிலும் கொண்டுபோயின. கல்லறை தெரியாத 40,500-க்கும் மேற்பட்டோருக்காக 1929-இல் பஸ்ராவில் நினைவுச்சின்னம் திறந்தார்கள். அங்கே வெள்ளைக்காரச் சிப்பாய்க்குப் பெயர் இருந்தது; இந்திய அதிகாரிக்கும் இருந்தது. இந்தியச் சிப்பாய்க்கோ, படைப்பிரிவின் பெயருக்குக் கீழே ‘இத்தனை பேர்’ என்ற எண்ணிக்கைதான். தகட்டில் காட்டிய சமத்துவம் கல்லுக்கு வரவில்லை. இந்தப் பாகுபாட்டை, நினைவுச்சின்னங்களைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது 2021-இல். பெயர்கள் காகிதப் பதிவேட்டில் தப்பியிருந்ததால் இன்று அதன் இணையத்தளத்தில் தேட முடிகிறது. பல பதிவுகளில் தகப்பன் பெயர், கிராமம், தாலுகாகூட உண்டு.

இரண்டாம் உலகப் போர் வந்தபோது நிலைமை எவ்வளவோ தேவலை. காஞ்சிபுரம் பக்கத்துக் கீழ்ஒட்டிவாக்கத்துச் சுபேதார் சுப்பிரமணியன் 1944 பிப்ரவரியில் இத்தாலியின் மிஞ்ஞானோவில், வெடிக்கவிருந்த கண்ணிவெடிமேல் தாமே விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றினார். உயிரைக் கொடுத்த அவருக்கு ஜார்ஜ் கிராஸ் என்ற வீர விருது வழங்கப்பட்டது. இந்து என்பதால் எரித்தார்கள், கல்லறை கிடையாது. ஆனால் சாங்ரோ நதிக்கரை மயானத்தில், தகனம் செய்யப்பட்ட 500க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்களோடு அவர் பெயரும் கல்லில் இருக்கிறது.

போர்க்களத்தில் செத்தவர்தான் கணக்கில் வருவார் என்று பல குடும்பங்கள் நினைத்து விட்டுவிடுகின்றன. ஆணையத்தின் கணக்கு வேறு. முதல் போருக்கு 1921 ஆகஸ்ட் 31 வரையும் இரண்டாம் போருக்கு 1947 டிசம்பர் 31 வரையும் பணியில் இறந்த எல்லோரும் அதில் அடக்கம். போரில் பட்ட காயத்தாலோ நோயாலோ ஊர் திரும்பி, அந்தத் தேதிக்குள் வீட்டுத் திண்ணையில் உயிர்விட்டவரும் வருவார். படைப்பணிக்கும் இறந்த தேதிக்கும் காரணத்துக்கும் ஆதாரம் காட்டினால், விடுபட்ட பெயரைச் சேர்க்கும்படி இன்றும் எழுதிக் கேட்கலாம்.