தடம் காக்கும் வண்டிகள்: கொலராடோ மலை முதல் எட்டில் ஒரு பங்கு வரை

ரயில் பாதை ஒருமுறை போட்டு முடித்ததும் அப்படியே கிடக்கும் பொருள் அன்று. ஓடும் ஒவ்வொரு வண்டியின் எடையும் ஸ்லீப்பர் கட்டைகளுக்கு அடியிலுள்ள ஜல்லியை நொறுக்கி அமிழ்த்துவதாலும், மழைநீர் அந்த ஜல்லியின் இடுக்குகளில் சேற்றைக் கொண்டுவந்து அடைப்பதாலும், வெயிலும் குளிரும் தண்டவாளத்தை நீட்டியும் சுருக்கியும் வளைவுகளை இடம்பெயரச் செய்வதாலும், தடம் நாள்தோறும் சிறிது சிறிதாகக் கெட்டுக்கொண்டே இருக்கிறது. அதைத் திரும்பத் திரும்பச் சீர்செய்யும் பிரிவை அமெரிக்க ரயில் நிறுவனங்கள் ‘மெயின்டனன்ஸ் ஆஃப் வே’ என்றும், பிரிட்டிஷ் மரபில் வந்த ரயில்வேக்கள் ‘பெர்மனன்ட் வே’ என்றும் அழைத்தன. கட்டுமானக் காலத்தில் மண்ணும் கல்லும் கொண்டுவருவதற்காகப் போடப்பட்ட தற்காலிகத் தடத்திலிருந்து பிரித்துக் காட்டவே ‘பெர்மனன்ட்’ என்னும் சொல் வழக்குக்கு வந்தது. தமிழ்நாட்டு ரயில் ஊழியர் குடும்பங்களில் தலைமுறைகளாகப் புழங்கிய ‘பி.டபிள்யூ.ஐ.’ என்னும் பதவிப்பெயரின் முதலிரண்டு எழுத்துகளும் அதையே குறிக்கின்றன.

இந்தப் பிரிவின் வண்டிகள் கட்டணம் ஈட்டுவதில்லை. ஆகவே அவற்றுக்கெனப் புதுப்பெட்டி வாங்க எந்த நிறுவனமும் எளிதில் மனம் கொள்ளவில்லை. சரக்கு ஏற்றத் தகுதியற்றதெனக் கழிக்கப்பட்ட பெட்டியில் சன்னல் வெட்டிப் படுக்கைப் பலகைகள் அடித்தால் அது பாதைத் தொழிலாளர் உறங்கும் பெட்டியாயிற்று. மெருகு குலைந்த பயணிகள் பெட்டி சமையல்கூடமும் உணவறையும் ஆயிற்று. உடைக்கப்பட்ட எஞ்சினின் நீர்த்தொட்டி வண்டி, தண்ணீர் கிடைக்காத இடங்களுக்கு நீர் சுமக்கும் வண்டியாயிற்று. ஜல்லி கொட்டும் வண்டி, கிரேன் வண்டி, கொட்டிய மண்ணையும் ஜல்லியையும் இறக்கைகளால் இருபுறமும் பரப்பும் ஜோர்டன் ஸ்ப்ரெடர் ஆகியவை போன்ற சிறப்புப் பொறிகள் மட்டுமே விலை கொடுத்து வாங்கப்பட்டன.

இவ்வாறு கீழிறக்கப்பட்ட பெட்டிகளுக்கு எதிர்பாராத ஒரு நீண்ட ஆயுள் வாய்த்ததற்கு அமெரிக்க ரயில்வேக்களின் பரிமாற்ற விதிகளே காரணம். ஒரு நிறுவனத்தின் சரக்குப் பெட்டி மற்றொரு நிறுவனத்தின் தடத்திலும் ஓடும் ஏற்பாட்டுக்குப் பரிமாற்றம் என்று பெயர். அதற்குத் தகுதிபெற, பொதுவில் வகுக்கப்பட்ட பாதுகாப்புத் தரத்தைப் பெட்டி நிறைவுசெய்ய வேண்டும். இரும்புப் பட்டைகளை வளைத்து மரையாணிகளால் பூட்டிய ‘ஆர்ச் பார்’ வகைச் சக்கரச் சட்டகம், ஆணிகள் தளர்ந்து தடம்புரளுதலுக்கு இடம் தந்ததால், 1940களின் தொடக்கத்தில் பரிமாற்றத்திலிருந்து விலக்கப்பட்டது. ஆனால் சொந்தத் தடத்தைவிட்டு வெளியே செல்லாத பணி வண்டிகளை அவ்விதி தீண்டவில்லை. ஆகவே ஆர்ச் பார் சட்டகமும், மரத்தாலான அடிச்சட்டம் நடுவில் தொய்ந்துவிடாமல் இழுத்துப்பிடிக்கும் ‘டிரஸ் ராட்’ என்னும் நீண்ட இரும்புக் கம்பிகளும், மற்ற வண்டிகளிலிருந்து மறைந்து பல ஆண்டுகள் சென்ற பின்னும் இவற்றில் உயிரோடிருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தச்சர் ஒரு பெட்டியை எப்படிக் கட்டினார் என்பதை அறிய விரும்பிய பிற்காலத்தவர், அருங்காட்சியகத்துக்கு முன்பாகப் பணிமனையின் கடைசித் தடத்தில் நின்ற இந்தப் பழம்பெட்டிகளைத் தேடிச் சென்றது இதனால்தான்.

அப்பெட்டிகளில் வாழ்ந்தோரின் வரலாறு பெட்டிகளின் வரலாற்றைவிட மெல்லிய எழுத்தில் பதிவாகியிருப்பது வருந்தத்தக்கது. ஐரிஷ் குடியேறிகளும், மேற்குக் கரையில் சீனத் தொழிலாளரும், தென்மேற்கில் மெக்சிகோவிலிருந்து வந்த ‘டிராக்கெரோ’ எனப்பட்ட பாதைத் தொழிலாளரும், தென்மாநிலங்களில் ஆப்பிரிக்க அமெரிக்கரும் இந்தத் தடங்களைத் தோளால் தாங்கினர். கடைசியாகக் கூறப்பட்டோரின் குழுவில் ஒருவர் பாட்டெடுக்க, மற்றவர்கள் அதன் தாளத்துக்குக் கடப்பாரைகளை ஒருசேர நெம்பித் தண்டவாளத்தை அங்குலம் அங்குலமாக நேர்ப்படுத்தினர். அந்தப் பாட்டு பொழுதுபோக்கன்று, பல உடல்களின் வலிமையை ஒரே நொடியில் ஒரே இடத்தில் சேர்க்கும் கருவி. கான்சாஸ், இல்லினாய் மாநிலங்களில் மெக்சிகத் தொழிலாளர் குடும்பங்கள் கழிக்கப்பட்ட சரக்குப் பெட்டிகளிலேயே குடியிருந்து குழந்தைகளை வளர்த்தன. மாதிரி வண்டி செய்வோர் ஓர் உறங்கும் பெட்டியின் சன்னலில் துணித்திரையையும் கூரையில் அடுப்புப் புகைக்குழாயையும் பொருத்தும்போது, அவர்கள் அறிந்தோ அறியாமலோ ஒரு வீட்டின் உருவத்தையே செய்கின்றனர்.

பணி வண்டிகளின் வரலாறு மிகச் செறிவாக எஞ்சியிருக்கும் இடங்களுள் ஒன்று, கொலராடோ, நியூ மெக்சிகோ மாநிலங்களின் எல்லையிலுள்ள மலைத்தடம். ஜெனரல் வில்லியம் ஜாக்சன் பால்மர் 1870இல் தொடங்கிய டென்வர் அண்டு ரியோ கிராண்ட் நிறுவனம், மலையில் இறுக்கமான வளைவுகளைக் குறைந்த செலவில் அமைக்கும்பொருட்டு, தண்டவாளங்களுக்கிடையே 3 அடி மட்டுமே இடைவெளி கொண்ட குறுகிய கேஜைத் தேர்ந்தது. அதன் தடம் 10,015 அடி உயரத்திலுள்ள கம்ப்ரஸ் கணவாயைக் கடந்து 1881இல் டுராங்கோவையும் 1882இல் சில்வர்ட்டனையும் அடைந்தது. அக்கணவாயில் குளிர்காலப் பனி தடத்தை முற்றிலும் மூடிவிடும். அதை வெட்டி வழி திறக்க 1889இல் ‘ஓஎம்’ என்றும், 1923இல் ‘ஓய்’ என்றும் இரண்டெழுத்துப் பெயர் பெற்ற சுழல் பனி அகற்றிகள் அங்கு வந்தன. முன்முகத்தில் அலகுகள் பதித்த பெருஞ்சக்கரம் ஒன்று சுழன்று பனியைச் சீவி எடுத்து, மேலுள்ள வாய் வழியாகத் தடத்துக்கு வெளியே வெகுதூரம் வீசும். உள்ளிருக்கும் கொதிகலனின் நீராவி அச்சக்கரத்தைச் சுழற்றுவதற்கே செலவாகிவிடுவதால், அகற்றியை முன்னோக்கி நகர்த்தப் பின்னாலிருந்து எஞ்சின்கள் தள்ள வேண்டும்.

அந்நிறுவனம் பணிப்பிரிவுக்கு மாற்றிய பெட்டிகளுக்குச் சுழியத்தில் தொடங்கும் எண்களை அளித்தது. பெட்டியின் பக்கவாட்டில் முதலில் ஒரு சுழியம் தெரிந்தால், அது வருவாய் ஈட்டும் வாழ்வை முடித்துக்கொண்டது என்பது பொருள். 1960களின் இறுதியில் குறுகிய கேஜில் சரக்குப் போக்குவரத்து நின்றபோது, இரு மாநில அரசுகளும் சேர்ந்து 1970இல் சாமாவுக்கும் அன்டோனிட்டோவுக்கும் இடையிலான 64 மைல் தடத்தை விலைக்கு வாங்கின. எஞ்சின்களோடு அவ்விரு பனி அகற்றிகளும் ஏராளமான பணி வண்டிகளும் சேர்ந்தே கைமாறின. பழைய பொருளை அது இருந்த இடத்திலேயே, இருந்த தொழிலோடு சேர்த்துக் காத்த இந்த முடிவு, அமெரிக்க ரயில் பாதுகாப்பு வரலாற்றில் செய்யப்பட்ட மிக நல்ல காரியங்களுள் ஒன்று. மற்ற இடங்களில் நிலைமை வேறு. இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஜல்லியை அதிரவைத்துக் கெட்டிக்கும் பொறிகள் பரவி, தொழிலாளர் சாலை வழியாக வந்து விடுதிகளில் தங்கத் தொடங்கியதும், உறங்கும் பெட்டிகளும் சமையல் பெட்டிகளும் பழைய இரும்பாயின.

மறைந்த இவ்வண்டிகளைச் சிறிய உருவில் மீண்டும் கட்டும் கைத்தொழில், அளவு பெருகப் பெருகத் தன் இயல்பையே மாற்றிக்கொள்கிறது. தோட்டங்களில் ஓடும் மாதிரி ரயில்களின் தடம் பெரும்பாலும் 45 மில்லிமீட்டர் அகலமுடையது. ஜெர்மனியின் நியூரம்பர்க்கில் லேமான் நிறுவனம் 1968இல் அறிமுகம் செய்த எல்ஜிபி ரயில்கள் இதைப் பரவலாக்கின. கொலராடோவின் 3 அடி கேஜை இந்த 45 மில்லிமீட்டரில் துல்லியமாகப் பொருத்தினால் கிடைக்கும் விகிதம் 1:20.3, அவ்விகிதத்தில் 30 அடிப் பெட்டி ஒன்று 45 சென்டிமீட்டர் நீளம் வரும். இந்நீளத்தில் பலகையைப் பலகையாகவே அடிக்கலாம். டிரஸ் ராடை மெய்யாகவே முறுக்கி இறுக்கலாம். பயணிகள் பெட்டியில் சன்னலை அடைத்த பலகையின் புதுமரம் பழைய வண்ணத்துக்கு நடுவே எப்படித் தெரிந்ததோ அப்படியே காட்டலாம். பணி வண்டிகள் ஒன்றுபோல் ஒன்று இருந்ததில்லை என்பதால், கடையில் வாங்கிய பெட்டியை அறுத்து, மாற்றி, ஒட்டுப்போட்டுச் செய்யும் மாதிரியாளர், பணிமனைத் தச்சர் செய்த அதே வேலையை அதே வரிசையில் செய்கிறார். அழகிய பயணிகள் வண்டியைவிடப் பணி வண்டியை எளிய மாதிரியாகக் கருதுவோர் உண்டு; ஒரே பெட்டியின் இரண்டு வாழ்வுகளையும் ஒருசேரக் காட்ட வேண்டியிருப்பதால், உண்மையில் அதுவே கடினமானது.

மனிதர் ஏறி அமர்ந்து செல்லும் எட்டில் ஒரு பங்கு அளவில் நிலைமை அடியோடு மாறுகிறது. அமெரிக்காவின் பெரும்பகுதியில் 7½ அங்குலமும், வடகிழக்கில் 7¼ அங்குலமும் கேஜாகக் கொண்ட இத்தடங்கள் வெட்டவெளியில், மண்ணின் மேல், மழையிலும் உறைபனியிலும் கிடப்பவை. பெரிய ரயில்பாதைக்கு நேரும் கேடுகள் யாவும் இவற்றுக்கும் நேர்கின்றன. ஓரிகன் மாநிலத்தின் சிலோக்வின் ஊருக்கருகே, குவென்டின் பிரீன் 1987இல் தொடங்கிய டிரெய்ன் மவுன்டனில் பைன் காட்டுக்குள் 36 மைலுக்கும் மேற்பட்ட தடம் இருக்கிறது. அத்தகைய நீளத்துக்கு ஜல்லியைத் தள்ளுவண்டியில் கொண்டுசெல்வது இயலாத காரியம். ஆகவே அந்த அளவில் கட்டப்படும் ஜல்லி வண்டி மாதிரி என்னும் நிலையைக் கடந்து, மெய்யான பணி வண்டியாகவே ஆகிவிடுகிறது.

ஆனால் இயற்கை விதிகள் எட்டில் ஒரு பங்காகச் சுருங்குவதில்லை. நீளம் எட்டில் ஒன்றானால் கொள்ளளவு 512இல் ஒன்றாகும். 70 அமெரிக்க டன் சுமக்கும் வண்டியின் சரியான மாதிரி ஏறத்தாழ 124 கிலோ மட்டுமே சுமக்கும், அதன் மேல் அமரும் மனிதரோ முழு எடையுடனேயே அமர்கிறார். அடியிலுள்ள கதவைத் திறந்தால் ஜல்லி தானே சரிந்து விழ வேண்டுமெனில், திறப்பு கல்லின் அளவைப்போலப் பல மடங்கு இருக்க வேண்டும். இல்லையேல் கற்கள் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு வளைவுபோல் நின்று வாயை அடைத்துவிடும். மூல வண்டியின் கதவை எட்டில் ஒரு பங்காகக் குறைத்தால், அத்தடங்களில் பரப்பப்படும் கல்லுக்கு அவ்வாய் போதாது. எனவே கட்டுவோர் வாயை அகலப்படுத்தி, உட்சுவரின் சரிவைச் செங்குத்தாக்கி, குறுகிய தடத்தில் வண்டி கவிழாதிருக்கச் சுமையைத் தாழ்த்தி வைத்து, தோற்றத்தில் விட்டுக்கொடுத்துச் செயலைப் பெறுகின்றனர். கதவின் நெம்புகோலை ஒருவர் பிடித்திருக்க, எஞ்சின் நடை வேகத்தில் இழுக்க, கல் இரு தண்டவாளங்களுக்கும் இடையே ஒரே சீராக விழுகிறது; வண்டி கடந்து சென்றதும், பின்னால் நடந்துவருவோர் மண்டியிட்டு, ஒவ்வொரு ஸ்லீப்பருக்கும் அடியில் அதைக் கம்பியால் குத்திக் கெட்டிக்கின்றனர்.