மூளைக்குள் புகுந்த அலுமினியம்

இந்தியாவில் வெற்றி பெற்ற முதல் மாற்றுச் சிறுநீரகச் சிகிச்சை 1971-இல், எங்கள் திருத்தணிக்குத் தொலைவில் இல்லாத வேலூரில், கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்தது. மாற்றுச் சிறுநீரகம் கிடைக்காதவர்களுக்கு டயாலிசிஸ் இயந்திரமே கதி. மறு ஆண்டே அந்த இயந்திரத்தைப் பற்றி அமெரிக்காவின் டென்வர் நகரிலிருந்து கவலை தரும் செய்தி வெளியாயிற்று.

சிறுநீரகம் கெட்டால் கழிவுகள் தேங்கி நரம்புகளும் கெடும் என்பது பழைய செய்தி. காலில் எரிச்சல், வலிப்பு, மயக்கம் எல்லாம் வரும். டயாலிசிஸ் செய்தால் இவை தணிய வேண்டுமல்லவா? ஆனால் ஆல்ஃப்ரே குழுவினர் விவரித்த நோயாளிகளுக்கு, நெடுநாள் டயாலிசிஸ் செய்த பிறகே பேச்சு தடுமாறியது. தசைகள் வெட்டி இழுத்தன. அறிவு மங்கி இறந்தனர்.

இயந்திரத்தில் இரத்தத்தையும் கரைசலையும் ஒரு மெல்லிய சவ்வு பிரிக்கிறது. செறிவு மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்திற்குப் பொருள்கள் விரவும். யூரியா வெளியேறுவது இப்படித்தான். கரைசலில் நஞ்சு இருந்தால் அதே விதிப்படி அது உள்ளே வரும். சவ்வுக்கு நல்லது கெட்டது தெரியாது. நிமிடத்திற்கு 500 மில்லி லிட்டர் வீதம் 4 மணி நேரம் ஓடும் கரைசல் 120 லிட்டர்!

கலங்கிய நீரைத் தெளியவைக்க நாம் போடும் படிகாரம் அலுமினிய உப்பு. நகரக் குடிநீர் நிலையங்களிலும் அலுமினிய உப்பே பயன்படுகிறது. குடிக்கும் நீரிலுள்ள அலுமினியத்தைக் குடல் பெரும்பாலும் தடுத்துவிடும். தப்பிப் புகுவதைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். டயாலிசிஸ் நோயாளிக்கு இவ்விரு காவலும் இல்லை.

1976-இல் ஆல்ஃப்ரே குழுவினர், இறந்தவர்களின் மூளையில் அலுமினியம் மிகுந்திருப்பதைக் காட்டினர். பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தக் கொடுத்த அலுமினிய மருந்துக்கும் இதில் பங்குண்டு. பின்னர் எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் நீரைத் தூய்மையாக்கத் தொடங்கினர். அந்த மருந்தையும் குறைத்தனர். நோய் அரிதாயிற்று. இன்று டயாலிசிஸ் நிலையங்களில் நீரைத் தூய்மையாக்கத் தனிக் கருவிகள் இருப்பது இதனால்தான்.