தன்திறன் நம்பிக்கை

தன்திறன் நம்பிக்கை என்பது, குறிப்பிட்ட ஒரு செயலைத் தம்மால் செய்து முடிக்க இயலுமா என்பது பற்றி ஒருவர் கொண்டிருக்கும் மதிப்பீட்டைக் குறிக்கும் உளவியல் கருத்தாக்கமாகும். சமூகக் கற்றல் கோட்பாட்டின் வழிவந்த இதனை, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆல்பர்ட் பண்டூரா (1925–2021) 1977இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில் வகுத்துரைத்தார். ஒருவர் தம்மைப் பொதுவாக எவ்வளவு உயர்வாகக் கருதுகிறார் என்பதைக் காட்டும் தன்மதிப்பைப் போலன்றி, இது செயலுக்குச் செயல் வேறுபடுவதால், கணிதத்தில் உறுதியுடைய மாணவர் மேடைப்பேச்சில் தயங்கக்கூடும்.

இந்நம்பிக்கைக்கு வலுவான ஊற்று நேரடி வெற்றி அனுபவமே. தம்மையொத்தோர் வெல்வதைக் காண்பது, பிறர் தரும் ஊக்கச்சொல், படபடப்பு போன்ற உடல்நிலைகளுக்கு ஒருவர் கொள்ளும் பொருள் ஆகியவை அதற்கு அடுத்தவையே. பாம்பச்சம் மிகுந்தோரிடம் பண்டூரா குழுவினர் நடத்திய ஆய்வுகளில், படிப்படியாகத் தாமே பாம்பைத் தொட்டுக் கையாண்டவர்கள், பிறர் கையாள்வதைப் பார்த்தவர்களைவிட மிகுந்த நம்பிக்கையும் துணிவும் பெற்றனர்.

நம்பிக்கை மிகுந்தோர் தோல்வியை முயற்சிக் குறைவாகக் கொண்டு மீண்டும் முனைகையில், குறைந்தோர் அதனைத் திறமையின்மைக்குச் சான்றாகக் கொண்டு கைவிடுவதால், வெற்றி அனுபவம் பெறும் வாய்ப்பையே இழக்கின்றனர். கல்வியில் இது குறிப்பாகக் கவலைக்குரியது. ஆயினும், தேவையான திறன் இல்லாதபோது நம்பிக்கை மட்டும் வெற்றி தராது என்பதைப் பண்டூராவே தெளிவுபடுத்தியுள்ளார்.