பிரிட்டனில் வாடகை காருக்கு பார்க்கிங் 'ஃபைன்' வந்திருக்கா? பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

லண்டன் போய், ஒரு வாரம் கார் வாடகைக்கு எடுத்துச் சுற்றிப் பார்த்துவிட்டு ஊர் திரும்பியாச்சு. ஒரு மாதம் கழித்து வாடகை நிறுவனத்திடமிருந்து மெயில் வருகிறது. சூப்பர் மார்க்கெட் கார் நிறுத்தத்தில் கூடுதல் நேரம் நின்றதற்கு 100 பவுண்டு, அதைக் கையாண்டதற்கு நிர்வாகக் கட்டணம் தனி. நம்மூர்க் கணக்கில் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல்.

சுற்றுலா போனவர்கள், மகன் மகளைப் பார்க்கப் போன பெற்றோர், அங்கே படிக்கும் மாணவர்கள் எனப் பலரும் இதில் இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்கிறார்கள். பயந்துபோய் உடனே கட்டிவிடுகிறார்கள், இல்லையென்றால் 'நாமதான் ஊருக்கு வந்துட்டோமே' என்று கடிதத்தைத் தூக்கி ஓரம் வைத்துவிடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது.

முதலில் பாருங்க: அனுப்பியது யார்?

பிரிட்டனில் பார்க்கிங் தொடர்பான நோட்டீஸ்கள் பெரும்பாலும் 'பிசிஎன்' என்ற ஒரே சுருக்கப் பெயரில் வரும். குழப்பமே இங்கேதான் தொடங்குகிறது.

• பெனால்டி சார்ஜ் நோட்டீஸ்: உள்ளாட்சி அமைப்பான கவுன்சில் அனுப்புவது. பொதுச் சாலையில் விதியை மீறி நிறுத்தினால் வரும். இது சட்டப்படியான அபராதம்.

• பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ்: தனியார் நிறுவனம் அனுப்புவது. கடை வளாகம், மருத்துவமனை, ஓட்டல், அடுக்குமாடிக் குடியிருப்பு போன்ற தனியார் இடங்களில் நிறுத்தியதற்கு வரும். இது அபராதம் இல்லை. ஒப்பந்தத்தை மீறியதாகச் சொல்லிக் கேட்கும் தொகை.

• ஃபிக்ஸ்டு பெனால்டி நோட்டீஸ்: பெரும்பாலும் காவல்துறையிடமிருந்து வருவது.

இந்தக் கட்டுரை இரண்டாவது வகை பற்றி மட்டும். கவுன்சில் நோட்டீஸுக்கும் காவல்துறை நோட்டீஸுக்கும் விதிகள் வேறு. இங்கே சொல்வதை அவற்றுக்குப் பயன்படுத்த வேண்டாம்.

தனியார் கம்பெனிக்கு இவ்வளவு பணம் கேட்க உரிமை இருக்கா?

இருக்கிறது. வாசலில் வைத்திருக்கும் பலகையில் 'இரண்டு மணி நேரம் இலவசம், மீறினால் இவ்வளவு' என்று எழுதியிருந்தால், அதைப் பார்த்து உள்ளே காரை நிறுத்துவதே ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும்.

இதை எதிர்த்து பேரி பீவிஸ் என்பவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். செம்ஸ்ஃபோர்டில் ஒரு கடை வளாகத்தில் இரண்டு மணி நேர இலவச நேரத்தைத் தாண்டி 56 நிமிடம் கார் நின்றிருந்தது. பார்க்கிங் ஐ நிறுவனம் கேட்டது 85 பவுண்டு. 2015 நவம்பரில் வந்த தீர்ப்பில் அவர் தோற்றார். எல்லாரும் இடத்தை மாற்றி மாற்றிப் பயன்படுத்த இப்படி ஒரு கட்டணம் தேவை, தொகை அளவுக்கு மீறியதல்ல, பலகைகளும் தெளிவாக இருந்தன என்பது நீதிமன்றத்தின் முடிவு.

அதனால் 'தனியார் டிக்கெட்டெல்லாம் செல்லாது, கிழிச்சுப் போடு' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தத் தீர்ப்பில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. பலகை தெளிவாக இல்லை என்றால் நிறுவனத்தின் வாதம் வலுவிழக்கும்.

கார் அவங்களோடது, பில் மட்டும் நமக்கு எப்படி வருது?

நுழைவாயிலில் இருக்கும் கேமரா நம்பர் பிளேட்டைப் படம் பிடிக்கும். அந்த நம்பரை வைத்து, வாகனப் பதிவுகளை வைத்திருக்கும் டிவிஎல்ஏ என்ற அரசு அமைப்பிடம் 2.50 பவுண்டு கட்டி, காரின் பதிவு யார் பெயரில் இருக்கிறது என்ற விவரத்தைப் பார்க்கிங் நிறுவனம் வாங்கும். வாடகை கார் என்றால் அங்கே இருப்பது வாடகை நிறுவனத்தின் பெயர். முதல் கடிதம் அவர்களுக்குத்தான் போகும்.

இதற்கான விதிகள் 2012ஆம் ஆண்டின் 'புரொடெக்‌ஷன் ஆஃப் ஃபிரீடம்ஸ்' சட்டத்தின் 4ஆவது அட்டவணையில் உள்ளன. இது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும் பொருந்தும். கேமரா மூலம் பிடிபட்ட ஒரு கார், மே 1ஆம் தேதி நின்றது என்று வைத்துக்கொண்டு கணக்கைப் பார்க்கலாம்.

• மே 15க்குள்: நோட்டீஸ் வாடகை நிறுவனத்தின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். 14 நாள் கெடு.

• ஜூன் 12க்குள்: 'அன்றைக்குக் கார் எங்களிடம் இல்லை, இன்னாரிடம் வாடகைக்கு இருந்தது' என்று வாடகை நிறுவனம் ஆவணங்களுடன் தெரிவிக்கலாம். நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 28 நாள்.

• ஜூலை 3க்குள்: பார்க்கிங் நிறுவனம் உங்கள் பெயருக்குத் தனி நோட்டீஸ் தர வேண்டும். ஆவணங்கள் கைக்கு வந்ததிலிருந்து 21 நாள்.

ஆக, கார் நின்ற நாளுக்கும் நோட்டீஸ் உங்கள் கைக்கு வரும் நாளுக்கும் இடையில் இரண்டு மாதம் கூட ஆகலாம். காரின் கண்ணாடியிலேயே நோட்டீஸ் ஒட்டியிருந்தால் கணக்கு மாறும், இன்னும் தாமதமாகலாம்.

கவனிக்க வேண்டிய மூன்று ஆவணங்கள்

ஓட்டியவர் யார் என்று தெரியாத நிலையில், வாடகைக்கு எடுத்தவரைப் பொறுப்பாக்க வேண்டுமானால், பார்க்கிங் நிறுவனம் தன் நோட்டீஸுடன் வாடகை நிறுவனம் கொடுத்த மூன்றின் நகல்களையும் இணைக்க வேண்டும்:

1. கார் அன்றைக்கு இன்னாரிடம் வாடகைக்கு இருந்தது என வாடகை நிறுவனம் கையெழுத்திட்டுத் தரும் அறிக்கை.

2. வாடகை ஒப்பந்தம்.

3. வாடகைக் காலத்தில் வரும் பார்க்கிங் கட்டணங்களுக்கு நானே பொறுப்பு என்று நீங்கள் கையெழுத்திட்டுக் கொடுத்த பத்திரம்.

இவற்றோடு, வாடகை நிறுவனத்துக்கு முதலில் வந்த நோட்டீஸின் நகலும் இருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும், தேதிக் கணக்கு தவறினாலும், வாடகைக்கு எடுத்தவர் என்ற முறையில் உங்களிடம் அந்தத் தொகையைக் கேட்க அந்தச் சட்டம் கைகொடுக்காது. எனவே உறையைப் பிரித்ததும் தொகையைப் பார்ப்பதற்கு முன் இணைப்புகளை எண்ணுங்கள். உறையையும் பத்திரப்படுத்துங்கள்.

பைலா எனப்படும் தனி விதிகளின் கீழ் பார்க்கிங் கட்டுப்படுத்தப்படும் விமான நிலைய, ரயில் நிலைய இடங்களுக்கு இந்த அட்டவணை பொருந்தாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

வாடகை நிறுவனமே கட்டிட்டா என்ன செய்யறது?

பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். 'எங்களுக்கு வரும் கட்டணத்தை நாங்களே செலுத்தி, உங்கள் கார்டில் எடுத்துக்கொள்வோம்' என்று ஒரு வரி சில ஒப்பந்தங்களில் இருக்கும். பணம் கட்டியாச்சு என்றால் பார்க்கிங் நிறுவனத்தின் பார்வையில் விவகாரம் முடிந்தது. முறையிடும் வாய்ப்பு பெரும்பாலும் போய்விடும்.

அதனால் தகவல் வந்த அன்றே வாடகை நிறுவனத்துக்கு மெயில் அனுப்புங்கள். மூன்று விஷயம் போதும்: பணத்தைக் கட்ட வேண்டாம், என் பெயரையும் முகவரியையும் பார்க்கிங் நிறுவனத்துக்குக் கொடுங்கள், நோட்டீஸின் நகலை எனக்கு அனுப்புங்கள். போனில் பேசினாலும் மெயிலில் பதிவு இருப்பது முக்கியம்.

ஏற்கெனவே கட்டிவிட்டார்கள் என்றால் ஒப்பந்தத்தின் எந்த வரிப்படி எடுத்தார்கள் என்று கேளுங்கள். அப்படி ஒரு வரியே இல்லையென்றால் முதலில் அவர்களிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, பிறகு உங்கள் வங்கியிடம் கார்டு பரிவர்த்தனையை மறுத்துப் புகார் செய்யலாம்.

நிர்வாகக் கட்டணம் வேறு கணக்கு. அது உங்களுக்கும் வாடகை நிறுவனத்துக்கும் இடையிலானது. பார்க்கிங் நிறுவனத்திடம் ஜெயித்தாலும் அது தானாகத் திரும்பி வராது.

முறையீடு செய்வது எப்படி?

முதலில் பார்க்கிங் நிறுவனத்திடமே முறையிட வேண்டும். 28 நாள் அவகாசம் உண்டு. ஆன்லைனிலேயே செய்யலாம், சென்னையில் இருந்தபடியும் செய்யலாம். நியாயமான காரணங்கள் என்றால் இவை:

• பலகை கண்ணில் படும்படி இல்லை, இரவில் வெளிச்சம் இல்லை.

• இலவச நேரம் முடிந்து சில நிமிடங்களில் வெளியேறியது. 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த இத்துறையின் பொது நடத்தை விதி, அனுமதித்த நேரம் முடிந்த பிறகு குறைந்தது 10 நிமிடச் சலுகை தரச் சொல்கிறது.

• பணம் கட்டியாச்சு, ஆனால் மெஷினில் கார் நம்பரின் ஒரு எழுத்து தவறிப்போனது. இது போன்ற சின்னப் பிழைகளுக்குக் கட்டணத்தை ரத்து செய்ய வேண்டும் என்பதும் அந்த விதியில் இருக்கிறது.

• மேலே சொன்ன ஆவணங்களோ தேதிகளோ சரியில்லை.

ரசீது, ஆப் ஸ்கிரீன்ஷாட், பலகையின் படம் என இருப்பதை எல்லாம் இணையுங்கள். கடைக்குப் போய் பொருள் வாங்கியிருந்தால் அந்தக் கடையின் மேலாளருக்கும் பில்லுடன் எழுதிப் பாருங்கள். இடத்துக்காரர் சொன்னால் பார்க்கிங் நிறுவனம் கட்டணத்தை ரத்து செய்வது உண்டு.

நிராகரித்துவிட்டால் அடுத்த படி உண்டு. பிரிட்டிஷ் பார்க்கிங் சங்கத்தின் உறுப்பினர் நிறுவனம் என்றால் 'பாப்லா' அமைப்பிடமும், ஐபிசி என்ற மற்றொரு சங்கத்தின் உறுப்பினர் என்றால் 'ஐஏஎஸ்' அமைப்பிடமும் போகலாம். எது என்பது நிராகரிப்புக் கடிதத்தில் இருக்கும். பாப்லாவில் முறையிடக் கட்டணம் இல்லை. அதன் முடிவு பார்க்கிங் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது.

தப்பு நம்மேல்தான் என்று தெளிவாகத் தெரிந்தால் இழுத்தடிக்க வேண்டாம். அந்த நடத்தை விதிப்படி கட்டணத்தின் உச்சவரம்பு பொதுவாக 100 பவுண்டு. 14 நாளுக்குள் கட்டினால் குறைந்தது 40 சதவீதம் தள்ளுபடி, அதாவது 60 பவுண்டோடு முடிந்துவிடும்.

காரை ஓட்டினது யார்னு சொல்லணுமா?

காவல்துறை கேட்டால் ஓட்டுநர் பெயரைச் சொல்வது கட்டாயம். தனியார் பார்க்கிங் நிறுவனத்துக்கு அப்படிச் சொல்லும் கட்டாயம் சட்டத்தில் இல்லை. 'நான் நிறுத்தினேன்' என்பதற்குப் பதில் 'கார் நிறுத்தப்பட்டிருந்தது' என்று எழுதி, வாடகைக்கு எடுத்தவர் என்ற முறையில் முறையிடலாம். ஆனால் பொய் சொல்லக் கூடாது. ஓட்டாத ஒருவரின் பெயரைக் கொடுப்பது விவகாரத்தை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விடும்.

ஸ்காட்லாந்தில் அந்த 4ஆவது அட்டவணை இல்லாததால், ஓட்டியவர் யார் என்பதே அங்கே முக்கியக் கேள்வி.

கண்டுக்காம விட்டா என்ன ஆகும்?

இது கிரிமினல் குற்றம் இல்லை. கடன் வசூல் நிறுவனங்களிடமிருந்து சிவப்பு எழுத்தில் கடிதங்கள் வரும். அவர்கள் வீட்டுக்கு வந்து பொருளை எடுத்துப்போகும் அதிகாரம் உள்ள நீதிமன்ற ஊழியர்கள் இல்லை.

ஆனால் கவுன்ட்டி கோர்ட்டிலிருந்து வழக்கு ஆவணம் வந்தால் விளையாட்டு இல்லை. அது கிடைத்த 14 நாளுக்குள் பதில் தர வேண்டும். பதில் தரவில்லை என்றால் உங்கள் தரப்பைக் கேட்காமலேயே தீர்ப்பு வரலாம். தீர்ப்பான தொகையை ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் அந்தப் பதிவு ஆறு ஆண்டுகள் நிற்கும். பிரிட்டனில் படிக்கும், வேலை பார்க்கும் ஒருவருக்கு வாடகை வீடு, செல்போன் ஒப்பந்தம், வங்கிக் கடன் என எல்லாவற்றிலும் இது இடிக்கும். வழக்குப் போட நிறுவனத்துக்கு ஆறு ஆண்டு அவகாசம் இருக்கிறது என்பதால் 'ஒரு வருஷம் ஆச்சு, விட்டுட்டாங்க' என்று நினைக்க முடியாது.

வீடு மாறிய மாணவர்கள் இதில் அதிகம் கவனமாக இருக்க வேண்டும். கடிதம் பழைய முகவரிக்குப் போனதால் வழக்கே தெரியாமல் தீர்ப்பு வந்துவிடும் ஆபத்து உண்டு. புதிய முகவரியை வாடகை நிறுவனத்துக்கும் பார்க்கிங் நிறுவனத்துக்கும் எழுதித் தெரிவியுங்கள். வழக்கு வந்துவிட்டால் 'சிட்டிசன்ஸ் அட்வைஸ்' அமைப்பில் இலவச ஆலோசனை கிடைக்கும்.

கார் எடுக்கும்போதே செய்ய வேண்டியவை

• நம்பர் பிளேட்டைப் படம் எடுத்து வையுங்கள். பார்க்கிங் மெஷின் முன்னால் நின்று நம்பரை ஞாபகப்படுத்த முயற்சிப்பதில்தான் பல பிழைகள் வருகின்றன. நடுவில் காரை மாற்றிக் கொடுத்தால் ஆப்பில் பழைய நம்பரை நீக்குங்கள்.

• 'அபராதங்களும் நிர்வாகக் கட்டணமும்' என்ற பகுதியைக் கையெழுத்துப் போடும் முன் படியுங்கள். கட்டிவிட்டு எடுப்பார்களா, பெயரைக் கொடுப்பார்களா என்று கவுன்ட்டரிலேயே கேளுங்கள்.

• கடிதம் வந்து சேரும் முகவரியைக் கொடுங்கள், கூடவே தினமும் பார்க்கும் மெயில் ஐடியையும்.

• ஹீத்ரோ போன்ற விமான நிலையங்களில் வாசலில் ஆளை இறக்கிவிடுவதற்கே கட்டணம் உண்டு. ஹீத்ரோவில் அங்கே பணம் வாங்க ஆள் இருக்க மாட்டார்கள், அடுத்த நாள் நள்ளிரவுக்குள் நீங்களாக ஆன்லைனில் கட்ட வேண்டும். மறந்தால் நோட்டீஸ் வாடகை நிறுவனத்துக்குப் போகும்.

• பார்க்கிங் ரசீதுகளையும் ஆப் பதிவுகளையும், காரைத் திருப்பிக் கொடுத்ததும் அழித்துவிடாமல் குறைந்தது ஆறு மாதம் வைத்திருங்கள்.