பசு

அன்றாடத் தமிழில் கறவை மாடாகச் சுருங்கிவிட்ட இந்தச் சொல், சைவ சித்தாந்தத்தில் உயிரின் பெயர். வடமொழியில் பசு பொதுவாகக் கால்நடையைக் குறிக்கும். கட்டும் கயிறு பாசம், உடையவன் பதி. ஆன்மா என்ற சொல் கைவசம் இருந்தும் சித்தாந்திகள் பசுவையே முன்னிறுத்தியதற்குக் காரணம் உண்டு. அத்வைதத்தில் ஆன்மா பிரம்மத்துக்கே பெயராகிவிட்டது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதமும் அத்வைதத்தைப் போலவே உடல், புலன், மனம் எதுவும் உயிரன்று என்று விலக்குகிறது. ஆனால் எஞ்சுவதை அது கடவுள் என்பதில்லை; சத்தைச் சார்ந்தால் சத்தாகவும் அசத்தைச் சார்ந்தால் அசத்தாகவும் நிற்கும் சதசத்து என்கிறது. பாசமாகிய மலத்தைச் சார்ந்தால் அறியாமை, சிவத்தைச் சார்ந்தால் அறிவு என, சார்ந்ததன் வண்ணமாகும் பொருள் அது. தனித்து நிற்க இயலாத அந்த இயல்பைப் பசு என்பதைவிடக் கூர்மையாகச் சொல்லும் பெயரை நான் அறியேன்.

இப்படி மாறுவதை உயிர் என்பானேன், நிகழ்வுகளின் தொடர் என்றாலே போதாதா என்று பௌத்தர் கேட்பார். இல்லை என்று மறுப்பதற்கே அறிவுடைய ஒன்று வேண்டும் என்பது மெய்கண்டார் வழி விடை. கட்டு அறுந்தபின் இந்தப் பெயர் பொருந்துமா என்பது இன்னும் வலிய தடை. முத்தியில் நீங்குவது பசுத்தன்மை, உயிர் நீங்குவதில்லை. பாசத்தைச் சார்ந்திருந்த அதே உயிர் அப்போது திருவடியைச் சார்ந்து இன்பம் நுகர்கிறது.