ஆஸ்பி எஞ்சினியர்

ஆஸ்பி மேர்வான் எஞ்சினியர் (டிசம்பர் 15, 1912 - மே 1, 2002) நெடுந்தூரத் தனி வான்பயணத்தில் முன்னோடியான இந்திய விமானி ஆவார். இந்திய வான்படையின் தளபதியாகவும் பணியாற்றினார். இவர் லாகூரில் பார்சி குடும்பமொன்றில் பிறந்தார்.

ஆகா கான் பரிசு

இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே ஒரு மாதத்துக்குள் தனியாக விமானம் ஓட்டிக் கடக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுண் பரிசு வழங்குவதாக ஆகா கான் அறிவித்திருந்தார். மார்ச் 1930 இல் ஆர். என். சாவ்லாவுடன் கராச்சியிலிருந்து இங்கிலாந்துக்குப் பறந்த எஞ்சினியர், திரும்பும் பயணத்தைத் தனியாக மேற்கொண்டார். அப்போது அவருக்கு வயது 17. அவர் ஓட்டியது ஜிப்சி மோத் எனும் ஒற்றை இயந்திரச் சிறு விமானம். வழியறிய நிலப்படமும் திசைகாட்டியுமே துணையாயின.

எகிப்தின் அபூகிரில் தீப்பொறிச் செருகி (ஸ்பார்க் பிளக்) இல்லாமல் அவரது பயணம் தடைப்பட்டது. கராச்சியிலிருந்து எதிர்த்திசையில் வந்துகொண்டிருந்த போட்டியாளர் ஜே. ஆர். டி. டாட்டா, தம்மிடமிருந்த மாற்றுச் செருகிகளைக் கொடுத்துதவினார். மே மாதத்தில் எஞ்சினியர் கராச்சியை அடைந்தார். டாட்டா பிந்தியே இங்கிலாந்தை எட்டினார். மற்றொரு போட்டியாளரான மன்மோகன் சிங் ஒரு மாதக் கெடுவைத் தாண்டியதால் தகுதி இழந்தார். பரிசு எஞ்சினியருக்குக் கிடைத்தது.

வான்படையில்

பின்னர் இந்திய வான்படையில் சேர்ந்தார். சுப்ரதோ முகர்ஜி நவம்பர் 1960 இல் காலமானதையடுத்து, டிசம்பர் 1, 1960 முதல் 1964 வரை வான்படைத் தளபதியாக இருந்தார். 1962 இந்திய-சீனப் போர் இவரது காலத்திலேயே நிகழ்ந்தது. ஓய்வுக்குப் பின் ஈரானுக்கான இந்தியத் தூதராகப் பணியாற்றினார்.