தப்பு காய்ச்சுதல்

தப்பு காய்ச்சுதல் என்பது, தப்பு என்னும் வாத்தியத்தின் தோல்முகத்தை நெருப்பில் காட்டிச் சுருதி ஏற்றும் முறை. வாசிக்கத் தொடங்கும் முன்பும், நீண்ட வாசிப்பின் இடையிடையேயும் இது செய்யப்படும். இலங்கையின் பதுளை, பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலைப் பகுதித் தோட்டங்களில் வாழும் மலையகத் தமிழரின் கோயில் திருவிழா, கூத்து, இழவு வீடு ஆகிய எல்லாவற்றிலும் தப்புக்கு முன்னால் நெருப்பு மூட்டப்படுகிறது. தமிழகத்தில் பறையையும் இப்படியே காய்ச்சுவார்கள். இதை வெறும் சடங்கு என்று கருதுவது தவறு. இது ஒரு வாத்தியத்துக்குச் சுருதி சேர்க்கும் வேலை. தேர்ந்த காதும் கையும் வேண்டும் வேலை.

வாத்தியமும் நெருப்பும்

மரத்துண்டுகளை இணைத்துச் செய்த வட்டச் சட்டத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் மாட்டுத்தோலை இழுத்துப் போர்த்தி, புளியங்கொட்டைப் பசையால் ஒட்டுவது மரபு. தோளில் வாரால் மாட்டி, ஒரு கையில் நீண்ட மெல்லிய குச்சியும் மறு கையில் குட்டையான தடித்த குச்சியும் கொண்டு அடிப்பார்கள். தவிலையும் மிருதங்கத்தையும் இறுக்க வார் இருக்கிறது. உருமிக்குக் கயிறு இருக்கிறது. தப்பில் இறுக்குவதற்கென்று எதுவுமில்லை. ஒட்டிய தோல் ஒட்டியபடியே இருக்கும். ஆகவே அதன் இழுவிசையை மாற்ற மிஞ்சும் ஒரே வழி, தோலுக்குள் இருக்கும் ஈரத்தை மாற்றுவதுதான்.

தோல் பெரும்பாலும் கொலாஜன் என்னும் புரத இழைகளால் ஆனது. அவை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித் தளரும். ஈரம் ஏறிய தோல் கனக்கவும் செய்யும். தளர்வு, கனம் இரண்டுமே சுருதியைக் கீழே இறக்குபவை. சூடு பட்டதும் ஈரம் வெளியேறித் தோல் சுருங்குகிறது. சட்டம் அதைச் சுருங்க விடாமல் பிடித்துக்கொள்வதால் இழுவிசை கூடுகிறது. ‘தொப்’பென்று விழுந்த அடி ‘கணீ’ரென்று எழும். வட்டமான தோலின் அதிர்வெண் அதன் இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறுவதால், சுருதி இரு மடங்காக இழுவிசை நான்கு மடங்காக வேண்டும். காய்ச்சுபவர் தோலை ஓரிடத்தில் நிறுத்தாமல் சுழற்றிக்கொண்டே இருப்பதும், விரலால் தட்டித் தட்டிக் கேட்பதும் இழுவிசை எங்கும் சீராக ஏறத்தான். ஒரு பக்கம் மட்டும் காய்ந்தால் இழுப்பு சீராக இராது, நாதமும் கோணலாகும். நனைந்த தோலை எடுத்த எடுப்பில் தணலுக்கு மிக அருகில் கொண்டுபோனால் அதைவிடக் கேடு. ஈரமான கொலாஜன் ஏறத்தாழ 60 பாகை செல்சியசைத் தாண்டியதும் மீளாதபடி சுருண்டுவிடும். உலர்ந்த தோல் அதைவிட அதிகச் சூடு தாங்கும். முதலில் தள்ளிப் பிடித்து, பிறகு கிட்டக் கொண்டுபோகும் பழக்கத்துக்கு இதுவே காரணம்.

வெப்பமானி இல்லாமல், கையால் உணர்ந்து காதால் அறிந்து செய்யும் இந்த வேலைக்கு நம் இசை நூல்களில் இன்னும் உரிய இடம் கிடைக்கவில்லை.

ஊவாவின் பருவம்

தமிழகத்தில் வைக்கோல் தீ வழக்கம். தோட்டங்களில் கவ்வாத்து வெட்டிக் காய்ந்த மிலாறு, மானாப்புல், பழைய தாள் என்று கைக்கு அகப்படுவது எரியும். ஊவா மாகாணத்தின் பதுளைப் பக்கத்துக்குப் பெருமழை வடகீழ்ப் பருவக்காற்றோடு, ஐப்பசி முதல் தை வரை வருகிறது. ஆனி, ஆடியில் வறண்ட காற்று வீசும். ஊவாத் தேயிலைக்கு அதன் தனி மணத்தைத் தருவதும் அதே காற்றுதான். அந்தக் காற்றில் தோல் தானாகவே விறைப்பாக நிற்கும். மாசியில் நடக்கும் காமன் கூத்துக்கு அந்த வசதி இல்லை. இரவெல்லாம் பனி இறங்கும். காய்ச்சிய தப்பு சிறிது நேரத்திலேயே மறுபடி தளரும். மன்மதனும் ரதியும் ஆட ஆட, ஒரு தப்பு நெருப்பில் இருக்க மற்றவை முழங்கும்.

முன்பு விடியற்காலையில் தொழிலாளரைப் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு அழைத்ததும் தப்புதான். மலையகக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதிய தோட்டக் கவிதை அந்த விடியல் முழக்கத்தில்தான் தொடங்குகிறது. தோட்டத் துரைமாரின் கட்டளைக்கும் சாதிக் கட்டாயத்துக்கும் அடிக்கப்பட்ட வாத்தியம் இன்று மலையகத்திலும் தமிழகத்திலும் தன்மானத்தின் அடையாளமாக மேடை ஏறுகிறது. மதுரைப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

புதுத் தோலும் புது ஹெட்போனும்

புதிதாகப் போர்த்திய தோல் சில காலம் நிலைகொள்ளாது. காய்ச்சி அடிக்க அடிக்க இழைகள் இழுபட்டு அமைந்தபின்தான் நாதம் நிலைக்கும். இதே எண்ணத்தைப் பலர் புது ஹெட்போனுக்கும் பொருத்தி, நூறு மணி நேரம் பாட்டை ஓடவிட்டால்தான் அதன் உண்மையான ஒலி வரும் என்கிறார்கள்.

அந்தப் பொருத்தம் பெரும்பாலும் செல்லாது. பெரும்பாலான ஹெட்போன்களில் அதிர்வது மைலார் போன்ற மெல்லிய பிளாஸ்டிக் படலம். 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் டிரம்முக்குத் தோலுக்குப் பதிலாக வந்ததும் இதே மைலார்தான். அது ஈரத்தை மிகக் குறைவாகவே உறிஞ்சுகிறது என்பதே அதன் சிறப்பு. பெரிய ஒலிபெருக்கியில் கூம்பைத் தாங்கும் துணி வளையமும் விளிம்பும் முதல் சில மணி நேரங்களில் சற்றுத் தளர்வதுண்டு. அதன் இயல்பு அதிர்வெண் இறங்குவதை அளந்தே காட்டலாம். ஹெட்போனின் படலம் சிறியது, அசைவும் மிகக் குறைவு. அமெரிக்க ஹெட்போன் விமர்சகர் டைல் ஹெர்ட்சென்ஸ் 2011இல் ஒரு புதிய ஏகேஜி க்யூ701 ஹெட்போனைப் பல மணி நேரம் ஓடவிட்டு அளந்தபோது, கண்ட மாற்றங்கள் மிகச் சிறியவை. காதில் ஹெட்போனைச் சற்று நகர்த்தி வைத்தாலே அதைவிடப் பெரிய மாற்றம் வரக்கூடும்.

ஹெட்போனில் உண்மையாகவே பழகுபவை இரண்டு. ஒன்று காது மெத்தை. அது நாட்கள் செல்லச் செல்ல நசுங்கித் தலையின் வடிவுக்குப் படியும்போது காற்று கசிவது குறைந்து, அடித்தொனி கூடிக் கேட்கும். மற்றது கேட்பவரின் செவி: புதிய ஒலியை மூளை சில நாட்களில் இயல்பாக ஏற்றுக்கொள்கிறது. இரண்டும் நடப்பது ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்கும்போதுதான். மேசையில் வைத்து இரவு முழுதும் ஓடவிடுவதால் மெத்தையும் படியாது, செவியும் பழகாது.